மிலிட்டரி கிரேடு கவரும் எங்க வீட்டுத் துவைக்கிற கல்லும்

மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கம்போல ஒரு சாக்கு சொல்லலாம். உண்மையைச் சொல்லணும்னா, எனக்குக் கோவம் வந்தாத்தான் எழுத வருது. இப்ப வந்திருக்கு. அதுவும் ஒரு செல்போன் கவர் மேல.

"யோவ், நாட்டுல எவ்வளவு பிரச்சினை இருக்கு, உனக்குக் கவரா கிடைச்சுது?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க சாமி.

முதல்ல கொசுவர்த்தியைச் சுத்திடறேன்.

எங்கம்மா கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. அப்பா போனதுக்கப்புறம் "மெட்ராஸுக்கு வாங்கம்மா"ன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. "அங்க வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?"ன்னு ஒரே பதில். வீட்ல இருந்த லேண்ட்லைன் கனெக்‌ஷனை எப்பவோ எடுத்தாச்சு. அதனால எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு செல்போன்தான். போன வருஷம் பட்டன் போனை மாத்திட்டு ஒரு டச் போன் வாங்கிக் குடுத்தேன். பேத்தி முகத்தை வீடியோவுல பாக்கணுமாம். 14,000 ரூபா.

வாங்கினதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. அம்மாவுக்குக் கை லேசா நடுங்கும். கீழ போட்டுட்டா? உடனே வண்டிய எடுத்துக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க ஒரு கடைல ஒரு தம்பி, "ணா, இது மிலிட்டரி கிரேடுணா. மாடிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு கவரை எடுத்து நீட்டினான். கவரா அது? கவசம்! முதுகுல கெட்டியான பிளாஸ்டிக், நாலு மூலையிலயும் போல்ட்டு மாதிரி டிசைன், பின்னாடி மோதிரம் மாதிரி ஒரு ஸ்டாண்டு. பாக்கவே டாங்கி கணக்கா இருந்துச்சு. 900 சொன்னான், 750க்கு முடிச்சேன். அம்மாவுக்காக ராணுவத்தையே அனுப்பி வச்ச மாதிரி ஒரு பெருமை எனக்கு.

அம்மா மட்டும் ரெண்டு மூணு தடவை போன்ல சொன்னாங்க. "ஏய்யா, இந்தக் கவரு கைல நிக்க மாட்டேங்குதுய்யா. செங்கல்லத் தூக்கின மாதிரி இருக்கு." நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க? "பழகிரும்மா. போனுக்கு அதான் சேஃப்டி."

போனுக்கு அதான் சேஃப்டி. இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

*

ஒரு சனிக்கிழமை காலைல கூப்பிட்டேன். ரிங் போகுது, எடுக்கல. குளிக்கப் போயிருப்பாங்க. பத்து மணிக்கு அடிச்சேன், எடுக்கல. மத்தியானம் எடுக்கல. சாயங்காலம் எடுக்கல. முழு ரிங்கும் போய்க் கட்டாகுது. வயசானவங்க தனியா இருக்கற வீட்டுக்கு போன் போட்டு, ரிங் போய்க்கிட்டே இருந்தா மனசு எங்கெல்லாம் போகும்னு அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா நம்பர் என்கிட்ட இல்ல. அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ராத்திரி கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை காலைல போய் இறங்கினேன்.

அம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. மடியில போன்.

நடந்தது இதுதான். முன்னாடி இருந்த பட்டன் போனை இடுப்புல செருகிக்குவாங்க. இந்தக் கவசத்தோட அது செருகல்ல நிக்காது. அதனால கைலயே தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. சனிக்கிழமை காலைல பின்கட்டுல துணி துவைக்கப் போனவங்க, ஈரக்கையோட எடுத்திருக்காங்க. வழவழன்னு கெட்டி பிளாஸ்டிக், கைக்கு அடங்காத அகலம். வழுக்கி, துவைக்கிற கல்லு மேல குப்புற விழுந்துடுச்சு.

டிஸ்ப்ளே செத்துப் போச்சு. டச் வேலை செய்யல. ஆனா போன் சாகல. நான் அடிச்ச ஒவ்வொரு ரிங்கும் அங்க கேட்டிருக்கு.

"நீதான் அடிக்கறேன்னு தெரியுதுய்யா. தேச்சுத் தேச்சுப் பாத்தேன். எடுக்கத்தான் முடியல."

பக்கத்து வீட்டுப் பையன் வந்தும் முயற்சி பண்ணியிருக்கான், முடியல. என் நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம் கிடையாது. அது போனுக்குள்ள இருக்கு. ஒரு நாள் முழுக்க நான் கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்திருக்காங்க.

போனைக் கையில வாங்கிப் பாத்தேன். கண்ணாடி சிலந்தி வலை. கவர் இருக்கே கவர், அதுல ஒரு கீறல்கூட இல்ல. புதுசு மாதிரி மினுக்குது. என் 750 ரூபாய் தன்னைத்தானே ரொம்ப நல்லாப் பாதுகாத்துக்கிச்சு.

டிஸ்ப்ளே காம்போ மாத்த 5,500 கேட்டான். மாத்திட்டேன். ஆனா அந்தச் சனிக்கிழமையை மாத்த முடியாதே. அப்பத்தான் இந்தக் கவர் விவகாரத்தைக் கொஞ்சம் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்டத்தான் கோவம்.

*

மொதல்ல அந்த "மிலிட்டரி கிரேடு".

அமெரிக்க ராணுவத் துறை 1962ல ஒரு சோதனை முறைத் தொகுப்பு வெளியிட்டுச்சு. பேரு மில்-எஸ்டிடி-810. அதை அப்பப்ப திருத்துவாங்க, 2019ல வந்தது எச் பதிப்பு. வெயில், மழை, உப்புக்காத்து, பூஞ்சை, மணல், அதிர்வுன்னு ஒரு கருவி என்னவெல்லாம் சந்திக்குமோ, அதையெல்லாம் எப்படிச் சோதிச்சுப் பாக்கறதுன்னு சொல்ற தடிமனான புத்தகம் அது. நல்ல புத்தகம்தான், அதைக் குறை சொல்லல.

அதுல கீழே போட்டுப் பாக்கற சோதனையும் உண்டு. போன்காரங்களும் கவர்காரங்களும் பெருமையடிச்சுக்கறது அதை வச்சுத்தான். ஏறக்குறைய 122 செ.மீ. உயரத்துலேர்ந்து 26 தடவை போடணும். 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை, மொத்தம் 26. கேக்கறதுக்குப் பயங்கரமா இருக்குல்ல? இனிமேதான் விஷயமே.

ஒண்ணு, எது மேல போடறாங்க? கான்கிரீட் மேல விரிச்ச ரெண்டு இஞ்ச் பிளைவுட் மேல. உங்க வீட்ல பிளைவுட் தரையா? எங்க வீட்ல இல்ல. டைல்ஸ் இருக்கு, கிரானைட் இருக்கு, தார் ரோடு இருக்கு, துவைக்கிற கல் இருக்கு.

ரெண்டு, 26 தடவையும் ஒரே பொருளைப் போட்டாகணும்னு இல்ல. அஞ்சு பொருள் வரைக்கும் பிரிச்சுக்கலாம். அதாவது ஒரு போனுக்கு அஞ்சாறு அடி வீதம் வாங்கினாப் போதும். அஞ்சு பேர் சேர்ந்து பரீட்சை எழுதி, மார்க்கைக் கூட்டி "நான் பாஸ்"னு சொல்ற மாதிரி.

மூணு, இதுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற ஆபீஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அமெரிக்க ராணுவம் யாரோட செல்போன் கவரையும் பரிசோதிச்சு முத்திரை குத்தறதில்ல. கம்பெனியே சோதிச்சுக்கலாம், கம்பெனியே பாஸ் போட்டுக்கலாம், கம்பெனியே அட்டையில அச்சடிச்சுக்கலாம். அந்தத் தொகுப்பே, "உங்க கருவி எங்க பயன்படப்போகுதோ அதுக்குத் தகுந்த மாதிரி சோதனையை மாத்தி அமைச்சுக்குங்க"ன்னுதான் சொல்லுது. அப்படின்னா எங்கம்மா கவருக்கு என்ன சோதனை வச்சிருக்கணும்? நடுங்குற கை, ஈர விரல், துவைக்கிற கல். எவன் வச்சான்?

ரிச்சி ஸ்ட்ரீட்ல அஞ்சடி அகலக் கடைல தொங்கற கவரை எந்தச் சோதனைக் கூடத்துல போட்டுப் பாத்திருப்பாங்கன்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. "மிலிட்டரி"ங்கற வார்த்தையைக் கேட்டதும் நம்ம மூளை சல்யூட் அடிச்சுடுது. நம்மை ஏமாத்தறதுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

*

அடுத்தது, "கெட்டியா இருந்தாத்தான் பாதுகாப்பு"ங்கற மூடநம்பிக்கை. ஆமாங்க, மூடநம்பிக்கையேதான். பத்தாங்கிளாஸ் அறிவியல் போதும், வாங்க.

ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து போன் விழுது. தரையைத் தொடும்போது அதோட வேகம் நொடிக்கு 4.4 மீட்டர் சொச்சம், மணிக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள்ள நிக்குதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஒரு மீட்டர் விழுந்தது ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள்ள நின்னா, சராசரியா போனோட எடையைப் போல ஆயிரம் மடங்கு விசை. 200 கிராம் போனுக்கு 200 கிலோ. நாலு சிமெண்ட் மூட்டையைப் போன் மேல ஏத்தி வச்ச மாதிரி. அதே வேகம் நாலு மில்லிமீட்டருக்குள்ள நின்னா 50 கிலோ. ஒரே மூட்டை.

மூணே மூணு மில்லிமீட்டர் கூடுதலா அமுங்கினா மூணு மூட்டை இறங்கிடுது! அப்ப கவரோட வேலை என்ன? அமுங்கிக் குடுக்கறது. கெட்டி பிளாஸ்டிக் அமுங்குமா? அமுங்காது. விறைச்சுக்கிட்டு நிக்கும். வாங்கின அடியை அப்படியே உள்ள தள்ளிவிட்டுடும்.

இந்தக் கெட்டி கவர்கள்ல பெரும்பாலும் பாலிகார்பனேட்னு ஒரு பிளாஸ்டிக். சிடி தட்டு பண்றதுகூட அதுலதான். போலீஸ்காரங்க கலவரத்துல பிடிக்கிற கண்ணாடி மாதிரிக் கேடயமும் அதுல பண்றாங்க. அருமையான பொருள், லேசுல உடையாது. ஆனா அது உடையலங்கறது அதோட பெருமை. உள்ள இருக்கற போனுக்கு அதுல என்ன லாபம்? முட்டையை இரும்பு டப்பாவுல போட்டுக் கீழ போடுங்க. டப்பா நல்லா இருக்கும். ஆம்லெட்டும் ரெடியா இருக்கும்.

"அப்ப ஹெல்மெட் மட்டும் ஏன்யா கெட்டியா இருக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. 2015 ஜூலை 1லேர்ந்து ஹெல்மெட் கட்டாயம்னு ஹைகோர்ட்டு சொன்னப்ப நம்ம ஊர்ல கடை கடையா ஓடி வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? அதைத் திருப்பி உள்ள பாருங்க. வெளியில கெட்டி ஓடு, உள்ள தெர்மோகோல் மாதிரிக் கெட்டி நுரை. ஓடு, அடியை ஒரு இடத்துல குத்த விடாமப் பரப்பும். நுரை நசுங்கி உங்க மண்டையைக் காப்பாத்தும். வெறும் ஓட்டை மட்டும் தலையில கவுத்துக்கிட்டா அது ஹெல்மெட் இல்ல, அண்டா.

நான் வாங்கின கவர் அந்த அண்டாதான். ரெண்டும் சேர்ந்த கவர் இருக்கு. வெளியில கெட்டி, உள்ளயும் மூலையிலயும் மெத்துன்னு ரப்பர் மாதிரி. அதை நான் குறை சொல்லல. ஆனா கடைல தொங்கறதுல முக்காவாசி, கெட்டி பிளாஸ்டிக்ல ரப்பர் மாதிரி டிசைன் மட்டும் போட்டது. கட்டை விரலால மூலையை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா வச்சுட்டு வந்துடுங்க.

*

"நீ சொல்றதெல்லாம் சரி, என் போன் ஹார்டு கேஸோட மூணு தடவை விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மல்லுக்கு நின்னார். அவரோட போன் மூணு தடவையும் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டேன். ஞாபகம் இல்லியாம். முதுகைக் காட்டி விழுந்தா பல நேரம் வெறும் போனே பிழைச்சுக்கும். குப்புறக் கல்லுல விழறதும், மூலையால குத்தி விழறதும்தான் கொல்லும். உடையாத போனை வச்சிருக்கறவன் கவரைப் புகழ்வான், உடைஞ்சவன் தன் கையைத் திட்டிக்குவான். "நாந்தான்யா பாத்துப் பிடிச்சிருக்கணும்"னு எங்கம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. கவர் கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாங்களா? ஜெயிச்சா பேர் அவனுக்கு, தோத்தா பழி நமக்கு.

இன்னொருத்தர், "எதுக்குக் கவரு? இப்ப வர்ற கண்ணாடியே உடையாத கண்ணாடிதானே?"ன்னார். அதுவும் கதை. 2007ல வந்த முதல் ஐபோன்லேர்ந்து இந்தக் கண்ணாடி ராஜ்ஜியம் நடக்குது. சாதாரணக் கண்ணாடி இல்லதான். சூடான பொட்டாசியம் உப்புக் குளியல்ல முக்கி எடுப்பாங்க. கண்ணாடியில இருக்கற சின்ன சோடியம் அயனி வெளிய வந்து, பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்துல அடைச்சுக்கும். டவுன்பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலு பேர் உக்காந்த மாதிரி மேல்தோல் இறுகிடும். அந்த இறுக்கம்தான் பலம். ஆனா அந்தத் தோலைத் தாண்டி ஒரு கீறல் உள்ள போயிட்டா, அடுத்த அடியில அங்கேர்ந்துதான் விரிசல் ஓடும். மணல்ல இருக்கற குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். நம்ம ஊர்த் தூசியில மணலுக்கா பஞ்சம்? அதனால கவர் வேணும். எந்தக் கவருங்கறதுதான் சண்டை.

அதே மணல் கெட்டி கவருக்கு உள்ளயும் புகும். உள்ள மெத்து இல்லேன்னா போன் முதுகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல உக்காந்து நைசா உப்புத்தாள் போடும். "கவர் போட்டுத்தான வச்சிருந்தேன், எப்படிக் கீறல் வந்துச்சு?"ன்னு முழிக்கிறவங்களே, கவராலதான் வந்துச்சு. வாரத்துக்கு ஒருக்கா கழட்டித் துடைங்க.

சூடு இன்னொண்ணு. தன்னோட போனை 35 டிகிரி வரைக்கும் உள்ள சூழல்ல பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் கம்பெனியே எழுதி வச்சிருக்கு. சார்ஜ் போடும்போது சூடானா கவரைக் கழட்டிடுங்கன்னும் சொல்லுது. நம்ம சித்திரை வெயில் 40ஐத் தாண்டும். அதுல தடி ஸ்வெட்டர் போட்ட மாதிரி ஒரு கவசம், உள்ள சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கற பேட்டரி. சூடு ஏற ஏற பேட்டரி ஆயுசு குறையும். வெளியடி படாமக் காப்பாத்தறேன்னு சொல்லி உள்ளயே வேகவைக்கிற கதை.

*

இதுவரைக்கும் கவர்காரனைத் திட்டியாச்சு. இப்ப பெரிய இடத்துக்கு வர்றேன்.

நோக்கியா 3310 ஞாபகம் இருக்கா? 2000ல வந்தது. கீழ விழுந்தா என்ன ஆகும்? பின்மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் பறக்கும். பொறுக்கி எடுத்து மாட்டி ஆன் பண்ணுவோம். ரெண்டு கை சேர்ந்துக்கற படம் வரும். விழுந்த வேகத்துல ஒரு பங்கு அந்தத் துண்டுங்க சிதறுறதுலயே செலவாயிடும். டிஸ்ப்ளே சின்னது, உள்வாங்கி இருக்கும், மேல பிளாஸ்டிக். 2003ல நோக்கியா 1100 வந்துச்சு, டார்ச் லைட்டோட. கீபேடுக்குள்ள தூசி போகாது. கையில வழுக்காது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்த போன். நம்ம வீட்ல எல்லாம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு யாராவது மிலிட்டரி கவர் போட்டோமா? மிஞ்சிப்போனா ஜிப் வச்ச ஒரு பவுச்.

அந்த போன்கள்ல இன்னொண்ணு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மூலையில கயிறு கோக்க ஒரு சின்ன ஓட்டை. காசே ஆகாத பாதுகாப்பு. கயித்தைக் கோத்துக் கழுத்துல, மணிக்கட்டுல மாட்டிக்கலாம். போன் விழுந்தாத்தானே உடையும்? அந்த ஓட்டையை இன்னைக்கு எத்தனை போன்ல பாக்கறீங்க? எடுத்துட்டாங்க. ஒல்லியா, வழவழன்னு, விளிம்பே இல்லாம, முன்னாடி கண்ணாடி, பின்னாடியும் கண்ணாடி. சோப்புக்கட்டியை டிசைன் பண்ணிட்டு, அதைப் பிடிச்சுக்க நம்மைத் தனியாக் காசு குடுத்து ஒரு கவர் வாங்கச் சொல்றாங்க.

2010ல ஐபோன் 4 வந்தப்ப நடந்த கூத்து தெரியும்ல? ஓரத்துல சுத்தி ஆன்டெனா. கையில பிடிச்சா ஒரு இடத்துல விரல் பட்டு சிக்னல் விழுந்துச்சு. ஒரே கலாட்டா. கடைசியில 2010 ஜூலை 16ந் தேதி ஸ்டீவ் ஜாப்ஸே மேடையேறி, எல்லாருக்கும் கவர் இலவசம்னு அறிவிச்சார். பம்பர்னு பேர். அதுவரைக்கும் 29 டாலருக்கு வித்துக்கிட்டிருந்த பொருள். போன்ல இருந்த கோளாறுக்குத் தீர்வு, கவர்! அந்த ஒரு தடவையாவது காசு வாங்கல. இப்ப விஷயமே தலைகீழ். வழுக்குறதும் உடையறதும் போனோட குணம், கவர் வாங்கறது நம்ம பொறுப்பு.

ஸ்ரீபெரும்புதூர்ல 2006லேர்ந்து 2014 வரைக்கும் நோக்கியா ஆலை ஓடுச்சு. இப்ப அதே பக்கத்துல ஐபோன் பூட்டுறாங்க. நம்ம ஊர்ப் பிள்ளைங்க கையாலதான் ரெண்டும். அதே கைங்க நாளைக்குச் சம்பளத்துல ஒரு போன் வாங்கிட்டு, அது உடையாம இருக்கக் கவர் தேடிக் கடை கடையா அலையும்.

ஐரோப்பாவுல கொஞ்சம் முழிச்சுக்கிட்டாங்க. 2025 ஜூன் 20லேர்ந்து அங்க விக்கிற ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் லேபிள் ஒட்டணும், நம்ம ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டற மாதிரி. பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும், ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம், அதோட, திரும்பத் திரும்பக் கீழ விழுந்தா எவ்வளவு தாங்கும்னு ஏ முதல் ஈ வரைக்கும் ஒரு கிரேடு. கம்பெனி தன் இஷ்டத்துக்கு அச்சடிக்கிற வார்த்தை இல்ல இது, சட்டம் சொல்ற அளவுகோல். அந்த மாதிரி ஒரு லேபிள் இங்க ஏன் ஒட்டக்கூடாது? போனுக்கும் ஒட்டுங்க, கவருக்கும் ஒட்டுங்க. "மிலிட்டரி"ன்னு எழுதினா எதை, எது மேல, எத்தனை தடவை போட்டீங்கன்னும் எழுதணும்னு சட்டம் போடுங்க. ஃப்ரிட்ஜுக்கு முடியும்னா இதுக்கு முடியாதா?

*

சரி, லேபிள் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் கடைக்குப் போனா என்ன செய்யறது? நான் 5,500 ரூபா ஃபீஸ் கட்டிக் கத்துக்கிட்டதை உங்களுக்கு ஓசியில தர்றேன்.

முதல்ல, கவரை மாட்டிப் போனைக் கண்ணாடி மேசையில குப்புற வைங்க. ரெண்டு விசிட்டிங் கார்டைச் சேர்த்து ஸ்கிரீனுக்கு அடியில தள்ளிப் பாருங்க. சுலபமாப் போனா விளிம்பு உயரமா இருக்கு. போகலேன்னா ஸ்கிரீன்தான் தரையில படப்போகுது, முதுகுல எவ்வளவு கவசம் இருந்தும் பிரயோஜனமில்ல. டெம்பர் கிளாஸ் ஒட்டினதுக்கப்புறம் இதைச் செய்ங்க. அது விளிம்போட உயரத்தைத் தின்னுடும். எங்கம்மா போன்ல நடந்தது அதுதான்.

ரெண்டாவது, மூலை. மேல சொன்ன கட்டை விரல் சோதனை.

மூணாவது, விரலைக் கொஞ்சம் ஈரம் பண்ணிக்கிட்டுப் பிடிச்சுப் பாருங்க. கடைக்காரன் ஒரு மாதிரிப் பாப்பான், பாக்கட்டும். விழாம இருக்கறதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது.

நாலாவது, பட்டனை அமுக்கிப் பாருங்க. சார்ஜர் பின் முழுசா உள்ள போகுதான்னு பாருங்க. வயசானவங்களுக்கு வாங்கறதா இருந்தா இது ரெண்டு மடங்கு முக்கியம். பட்டன் அமுங்கலேன்னா அவங்க கவரைக் குறை சொல்ல மாட்டாங்க. "எனக்கு இதெல்லாம் வராது"ன்னு தன்னையே சொல்லிக்குவாங்க.

அஞ்சாவது, இதான் ரொம்ப முக்கியம். யார் கைக்கு வாங்கறீங்களோ அந்தக் கையைக் கூட்டிட்டுப் போங்க. முடியலேன்னா, அந்தக் கைக்காரங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க.

ஏன்னா மக்களே, இத்தனை நேரம் ராணுவத்தையும் கம்பெனியையும் கடைக்காரனையும் திட்டிட்டு, முதல் குத்தவாளியை விட்டுட்டா நியாயமில்ல. "கைல நிக்க மாட்டேங்குதுய்யா"ன்னு எங்கம்மா சொன்னாங்க. இந்தப் பதிவு முழுக்க நான் அளந்துவிட்ட அறிவியலோட சாரம் அந்த ஒரு வரியில இருந்துச்சு. நான் அட்டையில அச்சடிச்சிருந்ததை நம்பினேன். அம்மா சொன்னதை நம்பல. போனுக்குச் சேஃப்டி பாத்தேன். அந்தப் போன் எதுக்குன்னே மறந்துட்டேன்.

இப்ப அம்மா போனுக்கு 150 ரூபா கவர். ஒளி ஊடுருவுற மெத்துன்னு ஒண்ணு. டிபியுன்னு சொல்றாங்க. அழகு கிடையாது, கொஞ்ச நாள்ல மஞ்சளாப் போகும், போகட்டும். ஓரம் தூக்கி இருக்கு, கைல ஒட்டி நிக்குது. கீழ் மூலையில கயிறு கோக்க ஓட்டை இருக்கு. அம்மா அதுல கருப்புக் கயிறு கோத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. "அடையாள அட்டை மாதிரி இருக்குய்யா"ன்னு சிரிக்கிறாங்க.

எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா நம்பர் இப்பத் தெரியும். என் நம்பரைக் கொட்டை எழுத்துல எழுதி, அரிசிப் பானைக்கு மேல சுவத்துல ஒட்டிட்டு வந்தேன். அதுக்குக் கவர் தேவையில்ல.

டிஸ்கி 1: அந்த 750 ரூபா கவரை என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? எங்க வீட்ல ஆடுற மேஜைக் காலுக்கு அண்டக் குடுத்திருக்கேன். அசையவே இல்ல. மிலிட்டரி கிரேடுன்னா சும்மாவா!

டிஸ்கி 2: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "நானும்தான் அன்னைக்கே சொன்னேன், இவ்வளவு பெருசு எதுக்குன்னு"ன்னாங்க. அவங்க சொன்னதையும் நான் கேக்கலைங்கறதை இத்தோட பதிவு பண்ணிக்கிறேன்.